இலவசக் குடையும் இருநூறு ரூபாய் டி-ஷர்ட்டும்

கப்பல் ஏறக் காசு வேண்டாம், கூடவே ஒரு குடையும் இலவசம். ஆடித் தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கொடுத்த சலுகை இது. 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. அதற்கும் கீழே எப்படிப் போவது? சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கையில் குடையையும் கொடுத்தார்கள்.

எங்க ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த கதைதான். எனக்கு மட்டும் அந்தக் குடையை வாங்கிக்கொண்டு போன ஆட்கள் மேல்தான் எப்போதும் ஒரு கண். அப்படியும் சிலர் இருந்திருப்பார்கள் இல்லையா? கருவாட்டு மூட்டையோடு கொழும்புக்குப் போய்த் திரும்புகிற சின்ன வியாபாரிக்கு எட்டணா பெரிய காசு. அவரைத் துரோகி என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை.

இது இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். காலேஜில் படிக்கிறாள். கொஞ்ச நாளைக்கு முன்னால் போனை நீட்டினாள். பெரிய வெளிநாட்டு பிராண்டின் டி-ஷர்ட், பாதி விலையில். அதே பிராண்டுக்குத் தைத்துக் கொடுக்கிற கம்பெனிகளில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஒரு வீடியோ, அதே போனில்.

"சித்தப்பா, நீங்கதானே ஹார்பர்ல இந்தத் துணியெல்லாம் ஏத்தி அனுப்புறீங்க. இதை வாங்கலாமா கூடாதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ஏற்கெனவே எத்தனை டி-ஷர்ட் இருக்கு உனக்கு?"

"அம்மா கேக்குற கேள்விய நீங்களும் கேக்காதீங்க."

நியாயம்தான். அவளுக்கு அன்றைக்கு ஒரு வரியில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பார்ப்பது கிளியரிங் ஆபீஸ் வேலை. திருப்பூரில் சாயங்காலம் புறப்படுகிற லாரி விடிவதற்குள் தூத்துக்குடி வந்துவிடும். சி.எப்.எஸ். என்கிற கண்டெய்னர் கிடங்கில் அட்டைப் பெட்டிகளை இறக்கி, எண்ணி, கண்டெய்னருக்குள் அடுக்கி, சீல் வைத்து, வ.உ.சி. துறைமுகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து பெரும்பாலும் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பல் மாறி ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் ஒன்றே செய்கிறது. அதில் நல்ல பங்கு எங்க ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

ஒரு பெட்டியைப் பற்றி எங்களுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எச்.எஸ். கோடு 6109 என்றால் பின்னலாடை டி-ஷர்ட், பனியன். எத்தனை பீஸ், எந்த சைஸ், எந்தக் கலர், நிகர எடை, மொத்த எடை, பையரின் ஆர்டர் நம்பர், எப்.ஓ.பி. மதிப்பு (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை) எல்லாம் தாளில் இருக்கும். ஒரு எழுத்து மாறினால் கஸ்டம்ஸில் பெட்டி நிற்கும். எப்.ஓ.பி. இரண்டு டாலர், மூன்று டாலர் என்று டைப் அடித்த சட்டை, அந்தப் பக்கம் கடையில் இருபது முப்பது டாலருக்குத் தொங்கும். தைத்தது யார், எத்தனை மணி நேரம், என்ன கூலி என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. கொற்கையில் இருந்து ரோமாபுரிக்கு முத்து போன காலத்தில், கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த பெரிப்ளூஸ் என்ற வழிகாட்டி நூல் இருக்கிறது. கொற்கையில் முத்துக் குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் ரோமில் பிளினி என்ற அறிஞர் எழுதிக்கொண்டிருந்தார். லோலியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு விருந்துக்கு நாலு கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் பூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவருக்கு எரிச்சல். இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸை ரோமில் இருந்து உறிஞ்சிக்கொண்டு போகின்றன என்று கணக்கு வேறு போட்டார். வாங்குகிறவர் ஊரில் எப்போதும் முதலில் போடப்படுவது இந்தப் பணக் கணக்குத்தான். கொற்கையில் மூச்சடக்கி இறங்கியவனின் கணக்கு அந்தப் பேரேட்டில் ஏறவில்லை.

சரி, ரோமை விடுங்கள், விளாத்திகுளத்துக்கு வருவோம்.

எங்க மாவட்டத்தின் வடக்குப் பக்கம், விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், எல்லாம் மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் உளுந்து, பாசி, மிளகாய், பருத்தி. பெய்யாவிட்டால் புரோக்கர் வருவார். வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் வருவார். திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில். தங்க இடம், சாப்பாடு, பாதுகாப்பு. மூன்று வருஷம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில், கல்யாணச் செலவுக்கு. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் கேம்ப் கூலி என்பார்கள்.

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற பெண் ஒருத்தி அப்படிப் போய் வந்தவள். பதினாறு வயதில் போனாள். மில் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் மாவு வாங்கப் போன இடத்தில் பேச்சு இதில் திரும்பியது.

"மூணு வருசம் முடிச்சா முப்பதாயிரம்னாங்கண்ணே. ரெண்டே முக்கால் வருசத்துல எனக்கு மஞ்சக்காமாலை. ஊருக்கு அனுப்பிட்டாங்க. சொகமாகித் திரும்பிப் போனா, கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க."

"போன பணம்?"

"போனதுதான். எங்கய்யா போய்க் கேட்டதுக்கு, ஆஸ்பத்திரிச் செலவு கழிஞ்சிருச்சுன்னு ஒரு துண்டுச்சீட்டக் காட்டுனாங்களாம்."

வேலை கஷ்டமா என்று கேட்டால் சிரிக்கிறாள். பஞ்சுத் தூசி தலையில், மூக்கில், சோற்றில். ராத்திரி ஷிப்ட்டில் கண் சொருகினால் சூப்பர்வைசர் மூஞ்சியில் தண்ணீர் அடிப்பானாம். வீட்டுக்குப் போன் பேச ஞாயிற்றுக்கிழமை மட்டும், வார்டன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க. அவளுக்கு அதையெல்லாம் விட மனசில் நிற்பது ஒன்று. தீபாவளிக்கு அனுப்புவதாகச் சொல்லி, ஆர்டர் அவசரம் என்று நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பூராவும் பக்கத்து ஊரில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே மெஷினில் நின்றிருக்கிறாள்.

"நீ ஓட்டுன நூலு எந்த பிராண்டுக்குப் போச்சுன்னு தெரியுமாம்மா?"

"நூலு எங்க போவுதுன்னு எங்ககிட்ட யாருண்ணே சொல்லுவா? கோனு எண்ணத்தான் தெரியும்."

2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியக் கமிட்டி என்ற இரண்டு அமைப்புகள் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் பெயர்களோடு. அதற்குப் பிறகுதான் இது உலகச் செய்தி ஆனது. பிராண்டுகள் கண்டித்தன, மில் சங்கங்கள் மறுத்தன, சுமங்கலி என்ற பெயர் பல இடங்களில் போனது. ஹாஸ்டல் போகவில்லை. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளிப் பெண்கள் நூறு பேரிடம் விசாரித்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர், காலாவதித் தேதி எதுவும் இல்லாத மாத்திரை கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியதைப் பெண்கள் சொன்னார்கள். லீவு போட்டால் புரொடக்‌ஷன் குறையும் அல்லவா.

திருப்பூர் முதலாளிகளைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. முழுக்கப் பொய்யும் இல்லை. சாயப்பட்டறைச் செலவு ஏறுது, நூல் விலை ஏறுது, கரண்ட் ஏறுது, பையர் மட்டும் ஒவ்வொரு சீசனுக்கும் பீஸுக்கு அஞ்சு சென்ட் குறைக்கச் சொல்றான், எங்கே போய் வெட்டுறது என்பார்கள். வெட்டு எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபேர் வேர் என்ற ஐரோப்பிய அமைப்பு போட்ட கணக்கு ஒன்றைப் பல இடங்களில் காட்டுவார்கள்: 29 யூரோ டி-ஷர்ட்டில் தைத்தவர் கைக்கு வருவது 18 சென்ட். ஒரு சதவிகிதம்கூட இல்லை. அந்தக் கூலியை இரண்டு மடங்காக்கினாலும் கடை விலையில் தெரியவே தெரியாது. அதனால் "மலிவாக வேண்டும் என்று நீ கேட்பதால்தான் அவள் சாகிறாள்" என்று வாங்குகிறவன் தலையில் மொத்தப் பழியையும் கட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஐயாயிரம் ரூபாய்ச் சட்டையும் இருநூறு ரூபாய்ச் சட்டையும் ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து லைனில் ஓடுவது திருப்பூரில் சாதாரணம்.

இனி திண்டுக்கல்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு இளம்பெண் காணாமல் போனாள். பட்டியல் சமூகத்துப் பெண். சில நாளில் உடல் கிடைத்தது. கைதானவன் அதே தொழிற்சாலையின் சூப்பர்வைசர். கம்பெனி, திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. துணி வாங்கியவர்களில் எச் அண்ட் எம் உண்டு. அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்களே நடத்துகிற சங்கம், சும்மா விடவில்லை. தொழிற்சாலைக்குள் பாலியல் தொந்தரவு பற்றி வேறு பெண்களும் பேசத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? பிராண்டு ஒரு கண்டன அறிக்கை விடும், அந்தக் கம்பெனிக்கு ஆர்டரை நிறுத்தும், அடுத்த ஊரில் வேறு கம்பெனியைப் பிடிக்கும். கை சுத்தம். வேலை போவது அதே பெண்களுக்கு. இந்தச் சங்கம் அதைக் கேட்கவில்லை. ஓடிப் போகாதே, இங்கேயே நின்று சரி செய், எழுத்தில் கையெழுத்துப் போடு என்று கேட்டது. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் ஒரு அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் கூட நின்றன. உலகம் முழுக்க நம்மைப் போன்ற வாங்குகிறவர்கள் எச் அண்ட் எம்மைக் கேள்வி கேட்டார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஈஸ்ட்மேனும் கையெழுத்துப் போட்டது, எச் அண்ட் எம்மும் போட்டது. கேப், பி.வி.எச். என்ற ஆடைக் கம்பெனிகள் பின்னால் சேர்ந்தன.

அதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, லைனில் வேலை பார்க்கிற பெண்களிலேயே சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த கண்காணிப்பாளர்கள். ஏறக்குறைய இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர். தப்பு நடந்தால் பக்கத்து மெஷினில் இருப்பவளிடமே சொல்லலாம். இரண்டாவது, கம்பெனி வாக்கை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கை வைத்தாக வேண்டும். விருப்பம் இருந்தால் என்பதில்லை, ஒப்பந்தப்படி கட்டாயம். முதல் வருஷத்தில் 185 புகார்கள் வந்து, ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டன என்று ஒப்பந்தத்தை நடத்துகிறவர்கள் வெளியிட்டார்கள். இவ்வளவு புகார் வந்ததே நல்ல செய்தி. புகாரே வராத தொழிற்சாலையைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் ஆபீஸ் வட்டாரத்தை உலுக்கியது. 2022 ஜூலை 29 அன்று அமெரிக்க கஸ்டம்ஸ், நாச்சி அப்பேரல்ஸ் சரக்கைத் துறைமுகத்தில் பிடித்து வைக்க உத்தரவு போட்டது. கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தின் பேரில். எச்.எஸ். கோடு தப்பு, எடை தப்பு என்று பெட்டி நின்று பார்த்திருக்கிறோம். தைத்தவளை நடத்திய விதம் சரியில்லை என்று பெட்டி நின்றது, எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் தடவை. செப்டம்பர் 7 அன்று உத்தரவு விலக்கப்பட்டது. இவ்வளவு சீக்கிரம் இப்படிப்பட்ட உத்தரவு விலகுவது அபூர்வம். திண்டுக்கல் ஒப்பந்தம் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்ததால், உள்ளே நிலைமை மாறியிருக்கிறது என்பதைக் காட்ட முடிந்தது.

ஆடிட் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் வண்டி வண்டியாக. ஆடிட் அன்றைக்குத் தரை கழுவப்படும், வயசு குறைந்த பிள்ளைகளுக்கு லீவு, டாய்லெட்டில் சோப்பு வரும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே பாடம் நடக்கும். பனியன் கம்பெனியில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் அந்தக் கட்டிடத்துக்குக் கிடைத்திருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர். அதன் பிறகுதான் பிராண்டுகள் சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிணம் விழுந்த பிறகுதான் பேனா எடுக்கிறார்கள். திண்டுக்கல்லிலும் அதேதான்.

எங்கள் ஊர்ச் சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மச்சினனாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி வேண்டாம், அவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சினன் கயிற்றை விட்டால் அவன் அக்கா தாலி அறுப்பாள், அதனால் விட மாட்டான். கயிறு பிடிக்கிறவனுக்கும் இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் கீழே இருப்பவனுக்குப் பாதுகாப்பு. ஆடிட்டர் கூலிக்குக் கயிறு பிடிப்பவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிராண்டுதான் மச்சினன்.

இப்போது அண்ணன் மகள் கேள்விக்கு வருகிறேன். வாங்காமல் விட்டால் என்ன?

1990-களில் அமெரிக்கக் காங்கிரசில் குழந்தைத் தொழிலாளர் செய்த பொருளைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. செனட்டர் ஹார்க்கின் கொண்டுவந்தது. மசோதா நிறைவேறக்கூட இல்லை, பயத்திலேயே வங்கதேச முதலாளிகள் பல்லாயிரம் பிள்ளைகளை ராவோடு ராவாக வெளியே தள்ளினார்கள். பள்ளிக்கூடத்துக்கா போனார்கள்? கல் உடைக்கவும் தெருவில் விற்கவும், அதைவிட மோசமான தொழில்களுக்கும் போனதை யுனிசெஃப் பிற்பாடு எழுதியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல் 50 சதவிகித வரி போட்டபோது நானே பார்த்தேன். ஆர்டர் நின்றதும் முதலில் நின்றது ஓவர்டைம், அப்புறம் ஷிப்ட், அப்புறம் பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்த பிள்ளைகள் ரயிலேறினார்கள். வாங்குகிறவன் கை எடுத்தால் அடி விழுவது அடிமட்டத்தில்தான், அவன் கை எடுத்தது கருணையினால் என்றாலும்.

அப்படியானால் கவலைப்படாமல் வாங்கு என்று சொல்கிறேனா? அதுவும் இல்லை. இங்கேதான் எங்க ஊர் 1908-ல் செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்போது தூத்துக்குடியில் கோரல் மில் இருந்தது. ஹார்வி கம்பெனியின் நூல் மில், 1888-ல் தொடங்கியது. சின்னப் பிள்ளைகள் உட்பட ஆயிரம் பேருக்கு மேல். வார விடுமுறை என்ற பேச்சே இல்லை, கூலி சொற்பம். பிப்ரவரி 23 அன்று வ.உ.சி. பேசினார். 27 அன்று வேலைநிறுத்தம். அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். ஊர் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். வேலைக்குப் போகாதவர்களுக்குச் சோறு போட்டது. வசூல் நடந்தது. தொழிலாளிகளை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதியில் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போனார் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். ஒன்பதே நாள். மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை.

கப்பல் கதை வேறு மாதிரி முடிந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது, ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, 1911-ல் கம்பெனி கலைப்பு. கப்பலைப் போட்டிக் கம்பெனியே வாங்கிவிட்டது. டிக்கெட் வாங்குகிறவனின் மன உறுதியை நம்பி ஓடிய கப்பல் மூழ்கியது. தொழிலாளியே எழுந்து நின்று, ஊர் பின்னால் நின்ற இடத்தில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இலவசக் குடைக்கு ஆசைப்படாத ஆயிரம் பேரைத் தேடிக்கொண்டிருப்பதை விட, வேலைநிறுத்தக்காரனுக்கு ஒரு வேளை சோறு போட்ட ஊரைத்தான் நான் மாதிரியாக எடுத்துக்கொள்வேன்.

சங்கம் இருக்கிற இடத்தில் சங்கத்தின் பின்னால் நிற்பது, சங்கம் வைக்க விடாத கம்பெனியைக் கேள்வி கேட்பது. வாங்குகிறவன் வேலை என் கணக்கில் இவ்வளவுதான். நல்லவன் என்று காட்டிக்கொள்ள ஆர்கானிக் காட்டன் சட்டை வாங்குவது உங்கள் தோலுக்கு நல்லது, அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2023-ல் இருந்து பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர் தொழிற்சாலையில் நடப்பதற்குப் பதில் சொல்லச் சட்டம் இருக்கிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க விற்கத் தடை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. ஹாம்பர்க் போகிற சட்டைக்காகக் கேட்க ஆள் உண்டு. நம்ம ஊர்க் கடையில் தொங்குகிற சட்டைக்கு? நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை எல்லாம் தெரிந்துகொள்ளும் உரிமை தருகிறது. செய்தவரின் கூலி அதில் வராது. காதர்பேட்டையில் இருந்து மூட்டையாக வருகிற எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட், லேபிளைப் பாதி வெட்டி, இருநூறு ரூபாய்க்கு எங்க ஊர் பிளாட்பாரத்தில் கிடைக்கிறது. நானும் வாங்கிப் போடுகிறேன். துணியைக்கூட விடுங்கள். சமையலறையில் இருக்கிற பிராண்டு உப்பு எந்த அளத்தில் வாரியது? எங்க மாவட்டத்து உப்பளங்களில் வெயிலில் கண் கூசி, காலில் புண்ணோடு நிற்கிற பெண்களை ராஜம் கிருஷ்ணன் எப்போதோ 'கரிப்பு மணிகள்' நாவலாக எழுதிவிட்டார். பாக்கெட்டில் அயோடின் அளவு இருக்கிறது, அதுவும் தேவைதான்.

அண்ணன் மகள் கடைசியில் அந்த டி-ஷர்ட்டை வாங்கினாள். நான் தடுக்கவில்லை. ஆனால் டேக்கில் இருந்த வாடிக்கையாளர் சேவை மெயில் முகவரிக்கு ஒரு கடிதம் எழுத வைத்தேன். எந்தத் தொழிற்சாலையில் தைத்தது, நூல் எந்த மில்லில் ஓடியது, அங்கே சங்கம் உண்டா, திண்டுக்கல் மாதிரி ஒப்பந்தத்தில் நீங்கள் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று மெஷின் பதில் வந்தது. திரும்ப எழுதியிருக்கிறாள். தோழிகளையும் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

நம் நாட்டில் விற்கிற ஆயத்த ஆடை டேக்கில் நுகர்வோர் தொடர்புக்கு ஒரு போன் நம்பரும் மெயிலும் சட்டப்படி இருக்க வேண்டும். சாயம் போனால் மட்டும் கூப்பிட வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உங்கள் அலமாரியில் இருந்து ஒரு சட்டையை எடுங்கள், அந்த நம்பரைப் பாருங்கள், இந்த வாரமே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். தைத்தவர்களில் பாதிப் பேருக்காவது புரிகிற மொழியில் ஒரு கடிதம் அந்த ஆபீஸுக்குப் போகட்டும்.